இழுத்த பிறகு அளக்கவும்

என் வேலை இழுப்பது. ஐந்து வருடம் கல்லூரியில் படித்து, அதற்கு மேல் ஐந்து வருடம் ஆராய்ச்சிக்கூடத்தில் தேய்ந்து நான் கற்றுக்கொண்டது, ஒரு ரப்பர் துண்டை இரண்டு முனையிலும் பிடித்து அறுந்துபோகாமல் இழுப்பதுதான்.

"நானும் அதைத்தான் பண்றேன். எனக்கு எட்டாவதே போதுமா இருந்துச்சு" என்பாள் அக்கா.

அவள் உடற்பயிற்சிக்குப் போகிறவர்கள் போடும் இறுக்கமான சட்டைகளும் கால்சட்டைகளும் தைக்கிறாள். வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மெஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின், சுவரிலிருந்து சுவர் வரை ஒரு மேசை. பின்னறை எனக்கு. நடு அறையில் அத்தான் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் டிவி பார்ப்பார்.

நான் இழுக்கும் ரப்பரின் மேல் ஒரு சூரிய மின்கலம் இருக்கும். கூரைகளில் பார்க்கிற கறுப்புக் கண்ணாடிப் பலகை இல்லை. அது சிலிக்கன், வளைத்தால் பிஸ்கட் மாதிரி இரண்டாகும். எங்களுடையது கார்பனால் ஆன ஒருவகைப் பிளாஸ்டிக். மையாகக் கரைத்து ரப்பரின் மேல் பூசிவிடலாம். பூச்சின் தடிமன் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அந்தப் பூச்சுக்குள் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒன்று கொடுக்கிற பொருள், மற்றது வாங்குகிற பொருள். வெளிச்சம் பட்டதும் கொடுக்கிறவன் ஒரு எலெக்ட்ரானை நீட்டுவான். வாங்குகிறவன் தோளை ஒட்டி நின்றால் உடனே பிடித்துக்கொள்வான், மின்சாரம் பிறக்கும். கொஞ்சம் தள்ளி நின்றால் போச்சு. கொடுக்கிறவன் மனம் மாறி, நீட்டிய கையை மடக்கிக்கொள்வான். ஆகவே சட்டையிலோ கூடாரத்திலோ ஒட்டி இழுத்தாலும் இந்த இருவரும் பிரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இழுபடும் மின்கலம் செய்வதில் மொத்தத் தலைவலியும் இதுதான்.

எங்கள் பழைய கலவை இழுத்ததும் வெடித்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி பாளம் பாளமாகத் தெரியும். பதினான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் ஒரு மூன்றாவது பொருளைச் சேர்த்தேன். சிக்கல் விழுந்த நூல்கண்டு போல நீளநீளமான மூலக்கூறுகள் உள்ள ஒரு மென்ரப்பர். இழுக்கும்போது அந்த நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நீளும். கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் அவற்றைப் பிடித்தபடி கூடவே நகர்வார்கள். பாளம் விழாது.

என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிற நேரம் அது. கூடத்தில் ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது. அதற்கான தாள் பேராசிரியரின் மேசை மேல் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் மேல்நோக்கி. எந்த வரைபடத்தை நீட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "மேல போகுதா?" என்பதுதான். எது மேலே போகிறது, ஏன் போகிறது என்பதெல்லாம் அப்புறம். அவருக்கு உதவியாளர் ஒருவர் உண்டு, கூடத்தில் என்னைவிட மூத்தவர். அவர் பெயர் தலையாட்டி. காரணம் சொல்லத் தேவையில்லை.

அளப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் மாட்டியிருக்கிறது. சூரியன் மாதிரியே வெளிச்சம் தரும் ஒரு விளக்கு இருக்கிறது. அதன் கீழே மின்கலத்தை வைப்போம். மேலே விழும் வெளிச்சம் எவ்வளவு, வெளியே வரும் மின்சாரம் எவ்வளவு என்று வகுத்தால் வருவது திறன். நூறு பங்கு வெளிச்சம் விழுந்து பத்துப் பங்கு மின்சாரம் வந்தால் திறன் பத்து. விழும் வெளிச்சத்தைக் கணக்கிட, எவ்வளவு பரப்பில் விழுகிறது என்று தெரிய வேண்டும். அதற்காக மின்கலத்தின் மேல் ஒரு கறுப்புத் தகடு வைப்போம். தகட்டில் மின்கலத்தைவிடச் சின்னதாக, சரியாக அரை சதுர சென்டிமீட்டரில் ஒரு ஓட்டை. அதற்கு மாஸ்க் என்று பெயர். கீழே மின்கலம் இழுபட்டாலும் சுருங்கினாலும், வெளிச்சம் ஓட்டை அளவுக்குத்தான் விழும். மாஸ்க் பொய் சொல்லாது.

ஆனால் மாஸ்க் கீறியது. இழுக்கும்போது தகட்டின் விளிம்பு மெல்லிய பூச்சில் உரசிக் கோடு போட்டது. இதைப் பற்றி இரண்டு மணி நேரம் கூட்டம் நடந்தது. தகட்டுக்கு அடியில் மெத்தென்று ஏதாவது ஒட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மாஸ்க்கையே எடுத்துவிடலாம் என்று மேல்நோக்கி முடிவு செய்தார். மின்கலத்தையே ஒரு சதுர சென்டிமீட்டராகத்தானே அச்சடிக்கிறோம், பிறகு ஓட்டை எதற்கு என்றார். தலையாட்டி திருகாணிகளைக் கழற்றி மாஸ்க்கை டிராயரில் போட்டு மூடினார்.

அதன் பிறகு கம்ப்யூட்டரில் 'பரப்பளவு' என்ற கட்டத்தில் 1.00 என்று நானே அடித்தேன். பிறகு இழுத்தேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தக் கட்டத்தைக் காட்டி, பழைய எண்ணையே போட்டுக்கொள்ளவா என்று கேட்கும். நான் என்டர் தட்டுவேன். பத்து சதவீதம் இழுத்தேன், என்டர். இருபது, என்டர். முப்பது, என்டர்.

திறன் பத்தில் தொடங்கி, பத்தரைக்குப் போய், முப்பது சதவீத இழுப்பில் பத்து புள்ளி ஆறில் நின்றது. இழுக்க இழுக்கக் கோடு மேலே போனது.

மேல்நோக்கி அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஒரே வாரத்தில் காரணமும் தயார். இழுக்கும்போது மூலக்கூறுகள் பட்டாளத்துக்காரர்கள் மாதிரி வரிசையில் நிற்கின்றன, அதனால் எலெக்ட்ரான்கள் தடங்கல் இல்லாமல் ஓடுகின்றன என்றார். தலையாட்டி அதை நான்கு வண்ணத்தில் படமாக வரைந்தார். காரணம் கண்டுபிடிப்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. நடக்காத விஷயத்துக்கும் கண்டுபிடிப்போம்.

வியாழக்கிழமை ஒரு தார்ப்பாய்க் கம்பெனி முதலாளியம்மா பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. அவர் பணம் போட ஒப்புக்கொண்டால் கூடத்துக்கு இன்னும் மூன்று வருடம் உயிர் உண்டு. அந்தக் கோட்டை நெஞ்சில் அச்சடித்த நாற்பது சட்டைகளுக்கு மேல்நோக்கி அக்காவிடம் ஆர்டர் கொடுத்தார். கூடவே, கையில் மட்டும் உறை மாதிரி மாட்டிக்கொள்ள, முழங்கையில் மின்கலம் வைத்துத் தைத்த ஒரு தனிக் கைச்சட்டையும். "வியாழக்கிழமை நல்லபடியா முடியட்டும், உன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடறேன்" என்று என்னிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா அந்தக் கைச்சட்டையை மேசைமேல் விரித்திருந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இழுபடும் துணியை உருளையிலிருந்து பிரித்தவுடன் வெட்ட மாட்டாள். ஒரு நாள் முழுக்க மேசைமேல் தளரவிட்டு, அது தன் நிஜ அளவுக்குத் திரும்பிய பிறகுதான் டேப்பை எடுப்பாள். அவசரக்காரர்கள் இரண்டு பேர் அதற்காகவே அவளிடம் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவள் கவலைப்பட்டதில்லை.

மின்கலத்தின் மேல் வருகிற துணியில் வெளிச்சம் புக ஒரு ஜன்னல் வெட்ட வேண்டியிருந்தது.

"இது எவ்வளவுடி?"

"ஒன்னுக்கு ஒன்னு."

"அது சும்மா இருக்கும்போது. கையை மடக்கினா இழுபடும்ல? ஜன்னல் விளிம்பு மேல ஏறி மறைச்சுடாதா? இழுத்தப்புறம் எவ்வளவுன்னு சொல்லு."

இது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ரப்பரை நீளவாக்கில் இழுத்தால் அகலவாக்கில் ஒடுங்கும், ஆனால் நீண்ட அளவுக்கு ஒடுங்காது. முப்பது சதவீதம் இழுத்தால் நீளம் ஒன்று புள்ளி மூன்று, அகலம் புள்ளி எட்டு எட்டு என்றேன். அக்கா கால்குலேட்டரைத் தட்டினாள்.

"ஒன்னு புள்ளி ஒன்னு நாலு. நூத்துக்குப் பதினாலு கூடுது. சரி, அதுக்குத் தகுந்த மாதிரி வெட்டிடறேன்."

அவள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். நான் டீ டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். பதினாலு கூடுகிறது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். அகலம் ஒடுங்குவதைப் பற்றி நானே என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறேன். ஆனால் அத்தியாயம் எழுதிய கைக்கும் என்டர் தட்டிய கைக்கும் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. என்டர் தட்டிய கை ஆறு வாரமாக ஒன்று, ஒன்று, ஒன்று என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

என் முகத்தைப் பார்த்து அக்கா என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இரு. முத்தத்துல ஒரு டம்ளரை வச்சா கொஞ்சம் மழைத்தண்ணி விழும். அண்டாவை வச்சா நிறைய விழும். நீங்க அண்டாவை வச்சுட்டு மழை கூடிடுச்சுன்னு சட்டை அடிச்சிருக்கீங்க. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"நாப்பது சட்டை" என்றாள் அக்கா.

"அப்போ மழை கூடலையா?" என்று நடு அறையிலிருந்து அத்தான் கேட்டார். அவரிடம் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு கேள்வி வந்திருந்தது.

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போய் டிராயரைத் திறந்து மாஸ்க்கை எடுத்தேன். அதன் அடியில், ஓட்டையைச் சுற்றி, அக்காவிடம் வாங்கி வந்த வெல்வெட் துண்டை ஒட்டினேன். இப்போது அது கீறவில்லை. இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு ஒரு விரற்கடை வெல்வெட் பதில் சொல்லிவிட்டது. மறுபடியும் அளந்தேன். இழுக்காதபோது பத்து. பத்து சதவீத இழுப்பில் ஒன்பதே முக்காலுக்குச் சற்று மேல். இருபதில் ஒன்பது புள்ளி ஆறு. முப்பதில் ஒன்பது புள்ளி மூன்று.

கோடு கீழே இறங்கியது. ஆனால் எப்படி இறங்கியது என்று பாருங்கள்! எங்கள் பழைய கலவை இதே இழுப்பில் பாதித் திறனைத் தொலைத்துவிடும். இது நூற்றுக்கு ஏழு மட்டுமே இழந்திருந்தது. ஐந்நூறு தடவை இழுத்து விட்ட பிறகும் அதே எண்தான். பதினான்கு மாத உழைப்பு உண்மையிலேயே பலித்திருக்கிறது, அதைக் கொண்டாட முடியாதபடி நானே ஒரு பொய்க் கோட்டைப் போட்டு வைத்திருக்கிறேன்.

மேல்நோக்கியின் அறைக்குப் போனேன். தப்பு என்னுடையது என்பதிலிருந்து ஆரம்பித்து, அண்டா வரைக்கும் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, எல்லா அளவுக்கும் ஒரே பரப்பளவைப் போட்டிருப்பதால் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்றும், ஒழுங்கு இருந்தால் அது அறிவியல்தான் என்றும் சொன்னார். தலையாட்டி ஆமோதித்தார்.

"சார், இழுத்தா பெருசாகுது சார். பெருசானா வெளிச்சம் கூட விழுது. அவ்வளவுதான் சார் நடக்குது."

"பெருசாகுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"பார்த்தாலே தெரியும் சார்."

"யாரும் பார்க்கப் போறதில்லைம்மா. திரையைத்தான் பார்ப்பாங்க." சொல்லிவிட்டு, மேசைமேல் இருந்த என் வேலைத் தாளை விரலால் நேராக்கி வைத்தார். "வியாழக்கிழமை வரைக்கும் அந்த மாஸ்க் டிராயர்லயே இருக்கட்டும். வேலை வேணும்தானே உனக்கு?"

வேண்டும். அதை மறைப்பானேன்? மூன்று நாள் அந்தத் தாளைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. வீட்டில் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது சட்டைகளையும் மடித்து, கோடு வெளியே தெரியும்படி அடுக்கி வைத்தாள். அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

வியாழக்கிழமை கூடத்தில் எல்லோரும் அந்தச் சட்டையில் இருந்தோம். மேல்நோக்கிக்குத் தைத்தது கொஞ்சம் இறுக்கம். அளவு கேட்டபோது அவர் பத்து வருடத்துக்கு முந்தைய அளவைச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் முழங்கையில் ஜன்னல் வெட்டிய கைச்சட்டையும் போட்டிருந்தார். அதிலிருந்து ஒரு சின்ன மின்விசிறி ஓட வேண்டும். முழங்கையை வெளிச்சம் வரும் பக்கம் திருப்பினால்தான் அது ஓடியது. ஆகவே அவர் போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி ஒரு கையை மடக்கித் தூக்கியபடியே வரவேற்புரை முழுவதையும் பேசினார்.

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். உரையை அவர் கேட்டாரா தெரியவில்லை. போகிற வழியில் திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தலையாட்டியின் சட்டைக் கையை இழுத்துத் தையலைப் பார்த்து, "யார் தைச்சது? நல்லா இருக்கு" என்றார். தலையாட்டி தான் தைத்த மாதிரி தலையை ஆட்டினார்.

பிறகு நேரடிச் சோதனை. சுவரில் பெரிய திரை. நான் இழுக்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு பிடி, நடுவில் மின்கலம், ஒரு பிடியை நகர்த்தும் திருகு. முதல் அளவு: இழுக்கவில்லை. பரப்பளவு 1.00. திறன் பத்து. திரையில் ஒரு புள்ளி விழுந்தது. திருகு சுழன்றது, மின்கலம் பத்து சதவீதம் நீண்டது. கம்ப்யூட்டர் கட்டத்தைக் காட்டியது. உள்ளே 1.00 துடித்துக்கொண்டிருந்தது. என்டர் தட்டினால் போதும். ஐந்து வருடம் தேய்ந்ததற்கான வேலை ஒரு விரல் தூரத்தில் இருந்தது.

என் கண் எதிரே மின்கலம் நீண்டு கிடந்தது. யாரும் பார்க்கப் போவதில்லை என்றார் அவர். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1.00 ஐ அழித்துவிட்டு 1.05 என்று அடித்தேன். அடுத்ததற்கு 1.10. அதற்கடுத்து 1.14. திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக இறங்கின. கூடத்தில் இருந்த அத்தனை நெஞ்சிலும் கோடு மேலே போய்க்கொண்டிருக்க, சுவரில் மட்டும் கீழே போனது. மேல்நோக்கியின் கை தானாக இறங்க, மின்விசிறி நின்றது. தலையாட்டியின் தலை எந்தப் பக்கம் ஆடுவது என்று தெரியாமல் நடுவில் நின்றது.

முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"அந்தக் கட்டத்துல ஏம்மா ஒவ்வொரு தடவையும் மாத்துறே?"

"இழுத்தா பெருசாகுதும்மா. பெருசானதைக் கணக்குல சேர்க்கலைன்னா திறன் கூடின மாதிரி தெரியும். சட்டையில இருக்கிறது அப்படி வந்த கோடுதான். நான்தான் தப்பா போட்டேன்."

அவர் குனிந்து மின்கலத்தைப் பார்த்தார், பிறகு திரையை.

"முப்பது இழுத்தும் ஏழுதான் போகுதா?"

"ஆமாம்மா. ஐந்நூறு தடவை இழுத்தும் பார்த்தாச்சு."

"எங்கிட்ட விக்க வர்றவங்க எல்லாரும் மேல போற கோட்டோடதான் வர்றாங்க" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "லாரி மேல கட்டின தார்ப்பாயைக் காத்து இழுக்கிற இழுப்பு எனக்குத் தெரியும். இழுத்தா எதுவும் கொஞ்சம் தேயத்தான் செய்யும். எவ்வளவு தேயும்னு இன்னைக்குத்தான் ஒருத்தர் சொல்லியிருக்கீங்க."

எச்சில் விழுங்குகிற நேரம்தான் ஆனது.

"அதைத்தான் மேடம் நான் முதல்லேருந்து சொல்லிட்டிருக்கேன்" என்றார் மேல்நோக்கி. தலையாட்டியின் தலை நிம்மதியாக ஆட ஆரம்பித்தது.

மறுநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் ஆகிவிட்டது. இழுபடும் மின்கலங்களை அளப்பதில் நேரக்கூடிய ஒரு பெரும்பிழையைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதப்போகிறார். பிழையைக் கண்டுபிடித்தவர் அவர். என் பெயர் நான்காவதாக வரும், தலையாட்டிக்கு அடுத்து. தலையாட்டி அதே படத்தை எடுத்து, பட்டாளத்துக்காரர்களை வரிசையிலிருந்து கலைத்து வரைந்து முடித்துவிட்டார்.

இதைச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த ஒன்னு புள்ளி ஒன்னு நாலு எப்படிம்மா வந்துச்சு?"

விளக்கினேன். மறுபடியும் கேட்டார். ஒரு ரப்பர் பேண்டில் பேனாவால் சதுரம் போட்டு இழுத்துக் காட்டினேன். நான்காவது தடவை புரிந்த மாதிரி தெரிந்தது. அப்போதுதான் அவருக்கு இன்னொன்றும் புரிந்திருக்க வேண்டும். அடுத்த தடவை விருந்தாளி வந்தால், அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று தெரிந்த ஒரு ஆள் கூடத்தில் இருக்க வேண்டும். என் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பெயர் நான்காவதாகவே இருக்கட்டும் என்றேன். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டேன். வெல்வெட் ஒட்டிய மாஸ்க்கைத் திரும்பத் திருகி மாட்ட வேண்டும், 'இழுத்த பிறகு அளக்கவும்' என்று இயந்திரத்துக்கு மேல் ஒரு பலகை வைக்க வேண்டும். தாராளமாக என்றார். பலகையில் 'பேராசிரியரின் உத்தரவு' என்று முதல் வரியில் சேர்க்கச் சொன்னார்.

"கண்டுபிடிச்சது அவரு. வேலை உனக்கு. ஜன்னல் வெட்டினது நானு" என்றாள் அக்கா. "போகட்டும் விடு. சட்டைக்கு யாரும் குறை சொல்லலையே?"

சொல்லவில்லை. நான்கு முறை துவைத்ததும் எல்லோருடைய நெஞ்சிலும் அச்சு விரிசல் விட்டு, வற்றிய ஏரி மாதிரி ஆகிவிட்டது. இப்போது அவற்றால்தான் விளக்கின் கண்ணாடியைத் துடைக்கிறோம். மேல்நோக்கி மட்டும் தன்னுடையதை விடவில்லை. போன வாரம் வந்த மாணவர்களுக்குப் பலகையைக் காட்டி, அளவெடுப்பதில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார், அதே சட்டையில். வயிற்றுப் பக்கம் சட்டை நன்றாக இழுபட்டிருந்தது. அங்கே கோடு முன்பைவிடப் பெரிதாக, முன்பைவிட உயரமாகத் தெரிந்தது. ஒரு மாணவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரப்பளவு கூடியிருந்தது, அவ்வளவுதான்.